கேட்க வேண்டியவள்

என் தங்கச்சி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகத்துக்கும் போனாள். அவளோடு நானும் போனேன். அவள் விரிவுரை மண்டபத்துக்குள் இருந்து கணிதம் படிப்பாள். நான் வெளியே வாங்கில் குந்திக்கொண்டு, குளிருக்குக் காலை ஆட்டியபடி, போகிற வருகிற ஆட்களைப் புதினம் பார்ப்பேன். ஒரு பாடமும் எடுக்காமல் அரை வருடம் பல்கலைக்கழகத்துக்கு ஒழுங்காகப் போய்வந்த ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சான்ட்ரிங்ஹாமில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா விரி என்ற இடத்தில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி ஏற்றி இறக்கினார். அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை செய்தாள். நான் டவுனில் ஒரு லஞ்ச் பாரில் சான்ட்விச் வெட்டினேன். எனக்கு ஊரிலேயே படிப்புக் குழம்பிவிட்டது. இங்கு வந்தபோது திரும்பத் தொடங்குகிற பொறுமை எனக்கு இருக்கவில்லை. தங்கச்சி அப்படியில்லை. அவளைக் கணக்குப் புத்தகத்தோடு ஒரு மூலையில் விட்டால் மூன்று நேரச் சாப்பாட்டையும் மறந்துவிடுவாள். ஒரு வகுப்புத் தாண்டிப் போட்டார்கள். பதினாறு வயதிலேயே ஏழாம் ஃபோர்முக்கு, அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்கு, வந்துவிட்டாள்.

அந்த வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். ஏழாம் ஃபோர்முக்குப் பொறுப்பான ஆசிரியை ஒருத்தி, உயரமான வெள்ளைக்காரி, எங்களை வரிசையாக இருத்திவிட்டு விசயத்தைச் சொன்னாள். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடக் கணிதம் போதாதாம். பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடக் கணிதத்தில் ஒரு பேப்பரை இப்போதே எடுக்கலாமாம். இந்த ஊரில் பல்கலைக்கழகப் பாடத்தைப் பேப்பர் என்றுதான் சொல்வார்கள். அம்மாவின் முகம் பூரித்துவிட்டது. பிறகுதான் அந்த ஆசிரியை மற்றப் பக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

பல்கலைக்கழகத்தின் கண்ணில் இவள் பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை, மற்ற எல்லாரையும் போல ஒரு மாணவி. சந்தேகம் வந்தால் இவளே கேட்க வேண்டும். வரமுடியாமல் போனால் இவளே அறிவிக்க வேண்டும். புள்ளிகளை இவளுக்கு மட்டும்தான் சொல்வார்கள். தாய் தகப்பன் போன் எடுத்தால் வாயே திறக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்து வேலையில் ஒரு நாளும் பின்தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தப் பேப்பரில் விழுந்தால் விழுந்ததுதான். திருப்பி எடுத்துப் பாஸ் பண்ணினாலும் முதல் விழுந்தது இவள் பெயரில் நிற்கும். அடுத்த வருடம் இவள் ஆசைப்படுகிற பொறியியலுக்கு இடம் கேட்கும்போது அதுவும் கூடப் போகும்.

நான் இதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு ஒன்று மட்டும்தான் காதில் ஏறியது.

"பதினாறு வயசுப் பிள்ளையோட தனியக் கதைப்பினமாமோ? அப்ப தாய் தேப்பன் என்னத்துக்கு? சுவருக்கு வடிவோ?"

அம்மா என்ன சொல்கிறாள் என்று ஆசிரியை கேட்டாள். அம்மாவுக்குப் பெரிய சந்தோசமாம் என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை விழுங்கினார்.

ஆசிரியை தங்கச்சியைப் பார்த்து, "உனக்கு வேண்டியதை நீயே வாய் திறந்து கேட்பாயா?" என்று கேட்டாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். "அக்காவை இல்லை, உன்னைத்தான் கேட்கிறேன்" என்றாள் ஆசிரியை. தங்கச்சி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை, ஏனென்றால் எனக்கு என் தங்கச்சியைத் தெரியும்.

அவள் வாய் திறக்கிற பிள்ளை இல்லை. பல்லு டொக்டரிடம் போனாலும் எந்தப் பல்லு நோகிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்றால் என் முகத்தைப் பார்ப்பாள்; நான் "அம்மா, அவளுக்கு உப்பாம்" என்பேன். வீட்டில் ஏதாவது சொன்னாலும் இங்கிலிசில் அரை வசனம்தான் வரும். நான் வாயாடி. வாயாடி அக்கா இருக்கிற வீட்டில் தங்கச்சிக்கு வாய் எதற்கு என்று அப்பா பகிடி விடுவார்.

அம்மா சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. "தனிய விடமாட்டன். அக்காக்காரி கூடப் போகட்டும்." பல்கலைக்கழகத்துக்குப் போகிற பெண்ணுக்குக் காவல். கேட்க ஆள் இல்லையே!

அப்படித்தான் என் வாங்கு உத்தியோகம் தொடங்கியது. வகுப்பு பின்னேரத்தில்தான். லஞ்ச் பார் பூட்டியதும், மிஞ்சிய கஸ்டர்ட் ஸ்குவெயார் கேக் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பஸ் தரிப்புக்குப் போவேன். தங்கச்சி பள்ளிக்கூடச் சீருடையோடு, முழங்கால் வரைக்கும் சொக்ஸ் இழுத்துவிட்டு, முதுகை மறைக்கிற பையோடு இறங்குவாள். அந்தக் கோலத்தில் அவள் மண்டபத்துக்குள் போகும்போது தாடி வைத்த பெடியன்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் எங்கே இருப்பாள் என்று கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பேன். எப்போதும் முன்வரிசை, ஓரக் கதிரை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், நெஞ்சு நிமிரவும் செய்யும்.

ஒருநாள் வெளியே வந்தவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். விரிவுரையாளர் பலகையில் எழுதிய ஒரு அடி அவளுக்கு விளங்கவில்லையாம்.

"கேக்கிறது தானே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி பாக்கிறாய்? நான் போய் என்னத்தைக் கேக்கிறது? பாணுக்குப் பட்டர் போடவோ மாஜரின் போடவோ எண்டு கேக்கட்டோ?"

அவள் கஸ்டர்ட் ஸ்குவெயாரைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கேட்கவில்லை. அந்த அடியை இரண்டு வாரம் வீட்டில் குந்தியிருந்து தானே கண்டுபிடித்தாள். இடைப் பரீட்சைப் புள்ளிகளைச் சுவரில் ஒட்டினார்கள். பெயர் இல்லை, ஆளுக்கு ஒரு இலக்கம் மட்டும். அவள் விரலை வைத்துத் தன் இலக்கத்தைக் காட்டினாள். கிட்டத்தட்ட உச்சியில் நின்றது. வீட்டில் சொன்னதும் அம்மா, "பேரில்லாமல் நம்பரோ? மறியல் கைதியளுக்குத்தானே நம்பர் போடுறவை!" என்று ஏசிவிட்டு, அன்றைக்குப் பால்புக்கை பொங்கினாள்.

ஜூன் மாதம் கடைசிப் பரீட்சை. அதற்கு முந்திய வாரம் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலை கழுத்தில் இரண்டு கொப்புளம், மத்தியானம் நெஞ்சு முழுக்க. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் அ, ஆ சொல்லிக் கொடுத்து வந்தாள். அங்கே இரண்டு வாண்டுகளுக்குக் கொப்பளிப்பான், அதாவது சின்னம்மை, என்று கேள்விப்பட்டிருந்தோம். அம்மா சட்டையை விலக்கிப் பார்த்தாள். உடனே இரண்டடி பின்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்மாள் வந்திருக்கிறா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அந்த வருத்தத்தை நோய் என்று சொல்வதில்லை. அம்மாள்தான் பிள்ளையின் உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள் என்பார்கள். அதற்குப் பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. மீன் இல்லை, இறைச்சி இல்லை, தாளிதம் இல்லை. வெங்காயம் வதக்கிய மணம்கூட வரக் கூடாது. அப்பா வேலையால் வந்தால் வாசலில் செம்பில் வைத்த மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒக்லாந்து ஜூன் மாதக் குளிரில் அந்த மனுசன் "ஸ் ஸ்" என்று ஒற்றைக் காலில் துள்ளுவார். வேப்பிலைக்கு எங்கே போவது? சான்ட்ரிங்ஹாம் கடையில் காய்ந்த இலை ஒரு பைக்கற் கிடைத்தது. வாசலில் கட்டப் பச்சை இலை வேண்டுமே! அம்மா வளவெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலியோரம் நின்ற கோவாய் மரத்தில் ஒரு கொப்பு முறித்து வந்து கதவு நிலையில் செருகினாள். வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கிற இந்த நாட்டு மரம் அது. இலை பார்வைக்குக் கொஞ்சம் வேம்பு மாதிரி.

"அம்மா, உது வேம்பில்லை."

"எனக்குத் தெரியாதே? இந்த ஊரில வேம்பு இல்லையெண்டு அம்மாளுக்கும் தெரியும். நீ பேசாமல் இரு."

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் அம்மாவின் பேச்சில்தான். தங்கச்சியை ஒரு நாளும் "எடியே"க்கு மேலே கூப்பிட்டு அறியாத மனுசி, இப்போது "தாயே, என்ன வேணும்? சொல்லுங்கோ" என்று பன்மையில் கேட்டாள். அம்மாள் இருக்கிற பிள்ளையை ஏசக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. பிள்ளை ஒன்று கேட்டால் அது அம்மாள் கேட்டதாக்கும். எப்பாடு பட்டும் கொடுத்துவிட வேண்டும்.

தங்கச்சி காய்ச்சல் மயக்கத்தில் முனகினாள். என்னவென்று குனிந்து கேட்டால், "ஹோக்கி போக்கி" என்றாள். கரமல் துண்டுகள் போட்ட ஐஸ்கிரீம் அது. நடு மாரி காலம், காய்ச்சல்காரப் பிள்ளை, ஐஸ்கிரீம். மற்ற நாளாக இருந்தால் அம்மா துடைப்பத்தை எடுத்திருப்பாள். இப்போது ஒரு கணம்தான் யோசித்தாள்.

"அப்பா, டெயரிக்கு ஓடிப் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. அம்மாள் கேக்கிறா."

அப்பா கால் ஈரம் காயமுதலே மூலைக் கடைக்கு ஓடினார். நான் அடுப்படிக்குப் போய்ச் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு அவ்வளவோடு முடிந்துவிட்டது, பரீட்சை புதன்கிழமை.

அவள் போகமுடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எழும்பி நிற்கவே சத்து இல்லை, அதோடு மண்டபம் முழுக்கப் பரப்பிவிடுவாள். புதன் காலை நான் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண் இருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்களா அந்த மாணவி?"

"நான் அக்கா."

"அப்படியென்றால் அவரைப் பற்றி நான் உங்களோடு பேச முடியாது."

நான் விட்டேனா? அவள் படுத்த படுக்கை, தாய்க்கு இங்கிலிஸ் தெரியாது, நான்தான் எல்லாம் என்று நின்றேன். அவள் சிரித்த முகத்தோடு முடியாது என்றாள். சிரித்துக்கொண்டு முடியாது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். கடைசியில், "பொதுவாக எல்லா மாணவர்க்கும் உள்ள விதியைச் சொல்கிறேன்" என்று சொன்னாள். பரீட்சைக்கு வராவிட்டால் அது ஃபெயில். வருத்தம் என்றால், வருத்தம் இருக்கும்போதே டொக்டர் ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தரவேண்டும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பார்த்திருக்க வேண்டும். அதோடு மாணவி தானே கேட்க வேண்டும். முன்பு நடந்த சோதனைகளில் நல்ல புள்ளி இருந்தால், அதை வைத்துப் பாஸ் கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். சுகம் வந்த பிறகு டொக்டரிடம் போனால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இது சின்ன விசயம், டொக்டரைக் கூப்பிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊர் டொக்டர் அம்மா ஒருத்தி பக்கத்திலேயே கிளினிக் வைத்திருந்தாள். வீட்டுக்குள் காலை வைத்து அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் கறுத்தது.

"டொக்டரோ? அம்மாள் இருக்கேக்கயோ? உனக்கென்ன விசரே?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள பாக்கோணுமாம் அம்மா. இல்லாட்டி ஃபெயில்."

"தண்ணி வாத்தாப் பிறகு பாப்பம்."

தண்ணீர் வார்ப்பதென்றால் கொப்புளம் காய்ந்து, நல்ல நாள் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரில் தலைக்கு வார்ப்பது. அதற்கு இன்னும் ஒரு வாரமாவது இருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"அவளின்ர பேரில ஃபெயில் எண்டு காலத்துக்கும் நிக்கும். அந்த ரீச்சர் சொன்னது மறந்துபோச்சே உங்களுக்கு?"

"கண்டறியாத ஃபெயில். பிள்ளை இருந்தால்தானே படிப்பு!"

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியாததல்ல. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய தம்பிக்கு அம்மாள் வந்தது. காய்ச்சல் கூடிவிட்டதென்று யாரோ டொக்டரைக் கூட்டி வந்து ஊசி போட்டார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை இல்லை. ஊசியாலா, வருத்தத்தாலா, யாருக்குத் தெரியும்? மருந்து பட்டால் அம்மாள் கோபித்து உள்ளுக்குப் போய்விடுவாள் என்று அன்றைக்குச் சொன்னவர்களின் வார்த்தை அம்மாவுக்குள் அப்படியே இருந்தது. எனக்கு அது விளங்கியது. இருந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அறைக்குள் படுத்திருக்கிற பிள்ளை அரை வருடம் குளிரிலும் மழையிலும் போய்ப் படித்தது எனக்கல்லவா தெரியும்!

அன்று பின்னேரம் பரீட்சை நேரத்தில் நான் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன். நகத்தால் சொறியாமல் இருக்க அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த வேப்பிலையால் மெல்ல வருடிவிட்டேன். அவள் கண் சுவர் மணிக்கூட்டிலேயே இருந்தது.

"இப்ப தொடங்கியிருப்பினம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ரெண்டாவது கேள்விக்குப் போயிருப்பினம்" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, கண்ணீர் கொப்புளத்தில் பட்டு எரிந்தது, அதற்காக இன்னும் அழுதாள். நான் ஊதிவிட்டேன். வேறு என்ன செய்வது?

வியாழக்கிழமையும் சண்டைதான். நான் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடமாட்டேன் என்று கோப்பையைத் தள்ளினேன். அப்பாவைத் துணைக்கு இழுத்தேன். "அவ சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, நீ சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு" என்றார். இப்படிப்பட்ட ஆண்களைப் பெற்றது எங்கள் பாக்கியம். அம்மா வேலைக்கும் போகாமல் தங்கச்சியின் அறை வாசலிலேயே நின்றாள். போனுக்குப் போனாலும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும், அறைக்குள் போனாலும் அவளைத் தாண்டித்தான். நான் உள்ளே போய்த் தங்கச்சியோடு குசுகுசுத்தால், கதவடியில் அவள் நிழல் விழும். பொலிஸ் காவல் தோற்றுவிடும். அந்த மனுசியை அந்த இரண்டு நாளும் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

தங்கச்சி என் கையைப் பிடித்து, "விடுங்கோ அக்கா. அம்மாவோட சண்டை பிடிக்காதேங்கோ" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னத்தை விடுறது? உன்ர பேப்பர். விழப்போறது நீ. அந்தக் கந்தோர்க்காரியும் நீதான் கேக்கோணும் எண்டுறாள், அந்த ரீச்சரும் அதைத்தான் சொன்னவ. எல்லாருக்கும் நானே கதைச்சுக் கதைச்சு என்ர வாய் நோகுது. நீ வாயை வைச்சிருக்கிறது ஐஸ்கிரீம் தின்னவோ?"

சொன்ன பிறகு மனம் கேட்கவில்லை. கொப்புளம் மூடிய அந்த முகத்தைப் பார்த்து யார் அப்படிச் சொல்வார்கள்? அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வெள்ளி காலை. அம்மா வழமைபோல இளநீர் ரின் ஒன்றை உடைத்து ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தாயே, இதைக் குடியுங்கோ. வேற என்ன வேணும்?"

தங்கச்சி எழும்பி உட்கார்ந்தாள். தலைமயிர் சீவாமல் பம்மென்று நின்றது. முகம் முழுக்கக் கொப்புளம். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு, நல்ல தெளிவான தமிழில், ஒரு இங்கிலிசுச் சொல்லும் கலக்காமல் சொன்னாள்.

"எனக்கு வைத்தியர் வேணும்."

என் கையில் சப்பாத்துக் கயிறு அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் யாருமே சொல்லாத "வைத்தியர்" என்ற சொல்லைத் தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். அம்மாள் டொக்டர் என்று சொல்லமாட்டாள் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தக் குரலும் அவளுடைய குரல்மாதிரி இல்லை. நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"மருந்து வேண்டாம். ஊசி வேண்டாம். வந்து என்னைப் பாக்கோணும். இண்டைக்கே பாக்கோணும்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போனை எடு. அம்மாள் கேக்கிறா" என்றாள்.

டொக்டர் அம்மா கிளினிக்கின் மத்தியான இடைவேளையில் வந்தாள். அவளும் எங்கள் பக்கத்து ஆள். நான் போனில் விசயத்தைச் சொன்னபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். செம்பைப் பார்த்தாள். குனிந்து காலுறையையும் உருட்டிக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் மஞ்சள் தண்ணீரைக் காலில் வார்த்தாள். கால் துடைக்க அம்மா ஒரு துவாயை நீட்டினாள். பெட்டியில் விருந்தாளிக்கென்று வைத்திருக்கிற, மடிப்புக் கலையாத துவாய்.

"அக்கா, நான் மருந்து தர வரேல்லை. பாக்கத்தான் வந்தனான்" என்றாள் அம்மாவிடம்.

"வாங்கோ. அம்மாள்தான் உங்களைக் கூப்பிட்டவ" என்றாள் அம்மா.

டொக்டர் அம்மா கட்டிலருகே இருந்து பார்த்தாள். காய்ச்சல் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். நல்லாகத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கோ, காய்ச்சல் கூடினால் எந்த நேரமும் எனக்குப் போன் அடியுங்கோ, அப்போது யோசிக்கக் கூடாது என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். பிறகு டொக்டர் பையைத் திறந்து, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டியதை எழுதினாள். போகும்போது கோவாய்க் கொப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இன்னும் ஒரு வேலை இருந்தது. நான் போனின் நீள வயரை இழுத்து அறைக்குள் கொண்டுபோய், இலக்கத்தைச் சுழற்றி, தங்கச்சியின் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அதே நரைத்த தலைக்காரியின் குரல் எனக்கும் கேட்டது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே யன்னலைப் பார்த்தேன்.

"ஹலோ" என்றாள். தொண்டையைச் செருமினாள். "நான்தான் அந்த மாணவி" என்று இங்கிலிசில் தொடங்கினாள். பேப்பரைச் சொன்னாள், இலக்கத்தைச் சொன்னாள், வருத்தத்தைச் சொன்னாள், டொக்டர் இன்றைக்குப் பார்த்ததைச் சொன்னாள். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒரு கேள்வி இல்லை, மூன்று நான்கு கேட்டாள். நான் யன்னலைப் பார்த்தபடியே அழுதேன்.

அப்பா டொக்டரின் எழுத்தை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தண்ணீர் வார்த்து, வீட்டில் மறுபடியும் வெங்காயம் வதங்கி, தங்கச்சி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு முடிவு வந்தது. முந்திய சோதனைகளின் புள்ளிகளைப் பார்த்துப் பாஸ் தந்திருந்தார்கள். வருத்தத்துக்காகக் கொடுத்த பாஸுக்குத் தரம் போடுவதில்லையாம், வெறும் பாஸ்தான்.

"எனக்கு ஏ வந்திருக்கும்" என்று தங்கச்சி மூஞ்சியை நீட்டினாள்.

"அம்மாள் பாஸ் எடுத்துத் தந்ததே பெரிய காரியம். இதில தரமும் வேணுமோ?" என்றாள் அம்மா.

கோவாய்க் கொப்பை எடுத்துப் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் அம்மாவும் கட்டில் விரிப்புகளைத் தோய்த்துக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அம்மாவைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை.

"உங்கட அம்மாள் நல்ல கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்து விதியெல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கிறா. வெள்ளிக்கிழமையெண்டதும் தெரிஞ்சிருக்கு."

அம்மா விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்து உதறினாள். சிரிக்கவில்லை.

"நான் கூப்பிட்டால் அது என்ர துணிவு. எனக்கு அந்தத் துணிவு இல்லை. என்ர தம்பியைக் கண்டனான். நீ கூப்பிட்டால் அது உன்ர அவசரம். அவ கேட்டால்தானே நான் குடுக்கலாம்." வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் குத்தினாள். "புதன்கிழமையே டொக்டருக்கெண்டு அந்தத் துவாயை எடுத்து வைச்சிட்டன்."

இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தியது நான்.

"அப்ப ஏன் ரெண்டு நாளா வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"உன்னை ஆரடி மறிச்சது?" என்றாள் அம்மா. "ஐஸ்கிரீம் கேக்கத் தெரிஞ்ச பிள்ளை, இதையும் இப்ப கேப்பா, இப்ப கேப்பா எண்டு நிண்டனான். மெல்லமாக் கேட்டால் எனக்குக் கேக்காமல் போயிடுமெண்டுதான் கதவடியிலயே நிண்டனான்."